எதற்குக் கட்டுவது, எதற்குக் கட்டக் கூடாது?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கட்டுப் போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாம்பு கடித்துவிட்டது என்று குரல் கேட்டால் போதும். ஒருவர் துண்டைக் கிழிப்பார், இன்னொருவர் கயிற்றோடு ஓடி வருவார். கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டிய பிறகுதான் மற்றப் பேச்சு. அதே தோட்டத்தில் குலை வெட்டும் அரிவாள் கையில் இறங்கி இரத்தம் பீறிட்டால், யாரும் கட்ட மாட்டார்கள். துணிமேல் துணியாகச் சுற்றி, காடியில் ஏற்றிக்கொண்டு ஓடுவார்கள்.

மருத்துவம் சொல்வது இதற்கு நேர் எதிர். கட்டக் கூடாததற்குக் கட்டுகிறோம். கட்ட வேண்டியதற்குத் தயங்குகிறோம்.

ஆயர் தாவார் என்றால் மலாய் மொழியில் உப்பில்லாத நல்ல தண்ணீர். எங்கள் ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள், இப்போது செம்பனை. பால் வெட்டும் உளி விரலைக் கீறும், அவ்வளவுதான். செம்பனைக்கு நீண்ட கழியின் நுனியில் வளைந்த அரிவாளைப் பொருத்தி, தலைக்கு மேலே இருக்கும் குலையை அறுக்க வேண்டும். புல் வெட்டும் இயந்திரமும் வந்துவிட்டது. லுமுட் போகும் நெடுஞ்சாலையில் நம் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்கள் இரவு பகலாக ஓடுகின்றன. காயங்கள் பெரிதாகிவிட்டன. ஆனால், அன்று கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்ற தோட்டத்து டிரெசர் ஐயா இன்று தாமான்களில் இல்லை. பெரிய மருத்துவமனை ஸ்ரீ மஞ்சோங்கில் இருக்கிறது.

என் பெரியப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் பாதிதான். நாகம் கடித்த கை அது. கயிற்றால் கட்டியே மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். கட்டியதால்தான் உயிர் தப்பியது என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். அவர்களை எதிர்த்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை. கட்டியவர்தான் பெரியப்பாவைத் தோளில் தூக்கிச் சுமந்தவர்.

எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளி ஓர் அண்ணன் இருந்தார். குலை வெட்டும்போது அரிவாள் நழுவி, முழங்கைக்குக் கீழே ஆழமாக இறங்கியது. நான்கு துண்டுகள் நனைந்தன. மருத்துவமனை வாசலில் இறக்கியபோது அவர் பேசவில்லை. அவர் மகள் அப்போது இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேருக்கும் உதவியவர்கள் அன்பில் குறை வைக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பாம்புக் கடிக்குக் கட்டும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. கடிவாய்க்கு மேல் நான்கு விரற்கடை தள்ளிக் கட்டச் சொல்கிறது பழைய சுஸ்ருத சம்ஹிதை. இன்று உலகச் சுகாதார நிறுவனம் அதை வேண்டாம் என்கிறது. நாகம் போன்ற பாம்புகளின் விஷம் கடித்த இடத்தின் சதையையே அழிக்கும். இறுக்கிக் கட்டினால் விஷம் அங்கேயே தேங்கும். இரத்த ஓட்டமும் நின்றுபோகும். ஆகவே கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கத்தியால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது.

இரத்தப் பெருக்கின் கதை வேறு. வளர்ந்த ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உண்டு. தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடக்கூடும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கின்றன.

இதற்கான கட்டுக்கு டூர்னிக்கெட் என்று பெயர். திருகுதல் என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. 1718 இல் ழான் லூயி பெட்டி என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் திருகாணி வைத்த கருவி ஒன்றைச் செய்தார். இன்றைய கருவி அகலமான பட்டையும் அதைத் திருகி முறுக்க ஒரு குச்சியும் கொண்டது. அந்தக் குச்சியில்தான் விஷயம் இருக்கிறது. வெறும் துணி முடிச்சோ இடுப்பு வாரோ பெரிய தமனியை அடைக்கும் அளவுக்கு இறுகுவது கடினம். 2013 ஏப்ரல் 15 அன்று போஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது, அங்கிருந்தவர்கள் கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள். அவற்றில் பல போதிய அளவு இறுகியிருக்காது என்று மருத்துவர்கள் பிறகு எழுதினார்கள். 2015 இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு இதைக் கற்றுத்தரும் இயக்கமே தொடங்கியது.

செய்முறை இதுதான். முதலில் ஒருவர் 999 ஐ அழைக்கட்டும். இன்னொருவர் சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து, முழு பலத்தோடு அழுத்தட்டும். பெரும்பாலான காயங்களுக்கு இதுவே போதும். கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்காவிட்டால் பட்டையை எடுங்கள். காயத்துக்கு 5 முதல் 7 செண்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாமல் சுற்றி, இரத்தம் நிற்கும்வரை குச்சியைத் திருகிப் பூட்டுங்கள். வலியால் அலறுவார். அலறினாலும் தளர்த்தக் கூடாது. நிற்கவில்லை என்றால் அதற்கு மேலே இன்னொரு பட்டை. கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். நெற்றியில் எழுதினாலும் சரி. அவிழ்ப்பது மருத்துவர் வேலை. கழுத்து, வயிறு, இடுப்பு மடிப்பில் இந்தக் கட்டு ஆகாது. கழுத்திலும் இடுப்பு மடிப்பிலும் துணி வைத்து அழுத்துவதுதான் வழி.

“கட்டினால் கால் போய்விடுமே?” என்று அம்மா கேட்டார். வீட்டுக்கு வீடு இருக்கும் பயம் இது. ஈராக் போரில் இப்படிக் கட்டப்பட்ட 232 பேரை அமெரிக்க இராணுவ மருத்துவர்கள் ஆராய்ந்து, 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டியதால் மட்டும் கையோ காலோ இழந்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அடுத்த ஆண்டு வந்த கட்டுரை இன்னும் முக்கியமானது. இரத்தம் குறைந்து உடல் சில்லிட்டு நாடி தளர்வதற்கு முன்பே கட்டப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். தளர்ந்த பிறகு கட்டப்பட்டவர்களில் பிழைத்தவர்கள் 10 விழுக்காட்டினரே. பொதுவாக இரண்டு மணி நேரம் வரை கட்டு பாதுகாப்பானது. அதற்குள் எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீ மஞ்சோங் மட்டுமல்ல, ஈப்போவுக்கே போய்விடலாம்.

நான் வானொலி அறிவிப்பாளர். “மோட்டார் சைக்கிள் விபத்து, இடது தடத்தில் நெரிசல்” என்று காலையில் ஒரு வரி வாசித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். அந்த ஒரு வரி நேரத்தில் தரையில் கிடப்பவருக்கு என்ன நடக்கும் என்பது, அவரைச் சுற்றி நிற்கும் பத்துப் பேரில் ஒருவருக்காவது கட்டத் தெரியுமா என்பதைப் பொறுத்தது.

இதைப் படித்தால் மட்டும் போதாது, கை பழக வேண்டும். மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்புகள் நடத்துகின்றன. கோயில் நிர்வாகமோ தாமான் குடியிருப்பாளர் சங்கமோ அவர்களை ஒரு ஞாயிறு காலை அழைக்கலாம். பட்டை வாங்கும்போது மலிவான போலிகளைத் தவிர்க்க வேண்டும். முறுக்கும்போதே குச்சி உடைந்துவிடும்.

ஆயுத பூசைக்கு அரிவாளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். இந்த ஆண்டு அவற்றின் பக்கத்தில் அந்தப் பட்டையையும் வைத்துக் கும்பிடுவோம். பூசை முடிந்ததும் அது அலமாரிக்குப் போகாமல் வண்டிப் பெட்டிக்குப் போகட்டும்.