பூங்காவுக்குள் ஓர் அரசாங்கம்



சென்ற வாரம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நான் காண விரும்பும் இடம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். பாதிப் பேர் டிஸ்னி உலகத்தையே தேர்ந்தெடுத்திருந்தனர். ஒருவர் பின் ஒருவராக வாசித்துக் காட்டும்போது, தந்தை தீயணைப்புத் துறையில் பணியாற்றும் மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அங்கே தீப்பிடித்தால் எந்த ஊர் பொம்பா வரும்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நாளை சொல்கிறேன் என்று கூறிவிட்டு, அன்றிரவு படிக்க உட்கார்ந்தேன்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள அப்பூங்காவுக்கு வெளியூர் பொம்பாவை நம்பியிருக்க வேண்டியதில்லை. அங்கேயே ஒரு தீயணைப்புத் துறை உண்டு. அது ஒரு சிறப்பு மாவட்டத்துக்கு உரியது. நம் நாட்டு நகராண்மைக் கழகம் செய்யும் பணிகளைச் செய்யும் அமைப்பு அது. அந்த அமைப்பைத்தான் டிஸ்னி நிறுவனம் 55 ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் கைக்குள் வைத்திருந்தது.

1960-களில் வால்ட் டிஸ்னி வேறு வேறு நிறுவனங்களின் பெயரில் ஓசையின்றி அங்கே நிலம் வாங்கினார். மொத்தம் ஏறத்தாழ 27,000 ஏக்கர். 1965 நவம்பரில் மாநில ஆளுநரை அருகில் வைத்துக்கொண்டே திட்டத்தை அறிவித்தார். வெறும் பூங்கா அன்று, 20,000 பேர் வாழும் எதிர்கால நகரமும் எழும் என்பது அவரது கனவு. 1966 டிசம்பரில் அவர் மறைந்தார். அந்த நகரத்தைக் காட்டியே 1967-இல் நிறுவனம் மாநிலச் சட்டமன்றத்திடமிருந்து 'ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம்' என்ற அமைப்பைப் பெற்றது. சாலை, வடிகால், கட்டட விதிகள், வரிச் சலுகையுடன் கடன் பத்திரம் வெளியிடும் உரிமை எல்லாம் அதற்குக் கிடைத்தன. விரும்பினால் விமான நிலையமும் அணுமின் நிலையமும்கூடக் கட்டிக்கொள்ளலாம்! நிருவாகக் குழுவினர் ஐவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கோ ஆளுக்கு ஒன்றன்று, ஏக்கருக்கு ஒன்று. நிலத்தில் பெரும்பகுதி யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நகரம் எழவேயில்லை. அதற்கென வைத்த 'எப்காட்' என்னும் பெயர் 1982-இல் இன்னொரு பூங்காவுக்குப் போயிற்று. அதிகாரம் மட்டும் அப்படியே நின்றது. 2021-இல் சமூக ஊடக நிறுவனங்களைக் கட்டுப்படுத்தப் புளோரிடா ஒரு சட்டம் இயற்றியபோது, 25 ஏக்கருக்கு மேற்பட்ட கேளிக்கைப் பூங்கா வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அதில் விலக்கு அளித்தார்கள். ஊடகச் சட்டத்தில் பூங்காவுக்கு என்ன வேலை என்று எந்தக் குழந்தையும் கேட்டிருக்கும்.

அந்த நட்பு முறிந்தது ஒரு பள்ளிச் சட்டத்தால் என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. 2022 மார்ச்சில் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையொப்பமிட்ட அச்சட்டம், பாலர் வகுப்பு முதல் மூன்றாம் ஆண்டு வரை பாலியல் நாட்டம், பாலின அடையாளம் குறித்துப் பாடம் நடத்துவதைத் தடுத்தது. டிஸ்னியின் தலைமை முதலில் வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. ஊழியர்கள் கொதித்தெழுந்த பின்னரே எதிர்த்துப் பேசியது. அம்மாநிலத்தில் அரசியல் நன்கொடைகளையும் நிறுத்தி வைத்தது. ஏப்ரல் மாதத்திலேயே அந்த மாவட்டத்தைக் கலைக்கும் சட்டம் வந்துவிட்டது. ஊடகச் சட்டத்தின் விலக்கும் அப்போதே போயிற்று.

கலைத்தால் ஏறத்தாழ நூறு கோடி டாலர் கடன் பக்கத்து மாவட்டங்களின் தலையில் விழும் என்ற அச்சம் எழுந்தது. எனவே 2023 பிப்ரவரியில் வேறு வழி கண்டனர்: மாவட்டம் நீடிக்கும், பெயர் மாறும், ஐவரையும் ஆளுநரே நியமிப்பார். விடைபெறவிருந்த பழைய குழு, அதற்குச் சற்று முன்னரே முக்கிய அதிகாரங்களை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. மன்னர் மூன்றாம் சார்லஸின் அப்போது வாழ்ந்துகொண்டிருந்த வழித்தோன்றல்களுள் கடைசியாக மறைபவர் காலமாகி 21 ஆண்டுகள் வரை அதிலொரு பகுதி செல்லும் என்று எழுதியிருந்தார்கள்! (சட்டத்தில் பழைய வழக்கம்தான், ஆனாலும் படித்தபோது சிரித்துவிட்டேன்.) வழக்குகள் தொடர்ந்தன. தன் பேச்சுக்காகத் தண்டிக்கப்பட்டதாக நிறுவனம் தொடுத்த வழக்கு 2024 சனவரியில் தள்ளுபடியாயிற்று. மார்ச்சில் இரு தரப்பும் கைகுலுக்கின. சூன் மாதத்தில் 1,700 கோடி டாலர் வரையிலான முதலீட்டுக்குப் புதிய ஒப்பந்தம்.

நிறுவனத்துக்கு அரசின் அதிகாரம் கொடுத்தது தவறென்றே நான் எண்ணுகிறேன். அதைப் பேசியதற்குத் தண்டனையாகப் பறித்ததும் தவறே. முன்பு ஏக்கருக்கு வாக்கு. இப்போது ஆளுநரின் நியமனம். இரண்டிலும் அங்கே உழைப்போரை யாரும் கேட்கவில்லை.

பள்ளிச் சட்டம் என்னாயிற்று? சண்டை நிலத்துக்கும் பத்திரத்துக்கும் நகர்ந்த பின் வகுப்பறையை நிறுவனமும் மறந்தது. அச்சட்டத்தை எதிர்த்துப் பெற்றோரும் மாணவரும் ஆசிரியரும் தனியே வழக்காடினர். அதே 2024 மார்ச்சில்தான் அவர்களும் ஓர் உடன்பாடு கண்டனர்: தடை பாடம் நடத்துவதற்கே, பேச்சிடையே குறிப்பிடுவதற்கன்று என்பது தெளிவாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியொன்றுக்குப் பெரிய மாதிரிக் காசோலையுடன் ஒரு பிரமுகர் வந்தார். நன்றியுரை எழுதும் பொறுப்பு எனக்கு. ஒழுகும் கழிவறைக் கூரையைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தேன். "இன்றைக்கு வேண்டாமே, ஆசிரியர்" என்றார் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர். அடுத்த முறை உதவி வராமல் போய்விடுமோ என்ற அச்சம் அவருக்கு. நானும் அந்த வரியை அடித்துவிட்டேன். கூரை மேலும் ஈராண்டுகள் ஒழுகியது.

மறுநாள் அந்த மாணவனிடம், பூங்காவின் பொம்பா அந்த மாவட்டத்துடையது, அதன் பெயரைச் சில ஆண்டுகளுக்கு முன் மாற்றினார்கள் என்றேன். சற்று யோசித்தான்.

"வண்டியில் எழுதியிருந்த பெயரையும் அழித்து எழுதியிருப்பார்களா, ஐயா?"