கடைசி அடுக்கு

ரூபிக் கனசதுரத்தில் முதல் இரண்டு அடுக்குகளைச் சேர்க்கப் பொறுமை போதும். சிக்கல் மூன்றாவதில்தான். மிச்சமிருப்பவை எட்டே துண்டுகள்: நான்கு ஓரங்கள், நான்கு மூலைகள். அவற்றைத் தொட்டால் கீழே கட்டி முடித்ததெல்லாம் கலையும்.

பணி ஓய்வுக்குப் பின், 66 வயதில், டில்லியில் என் பேத்தியிடம் இதைக் கற்றேன். தெரிந்தவர்களின் பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வராத காலம். மனசுக்குள் ஒரு பயம் இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி வேலை, இடம் சரியாக அமர்ந்த மூலைகளின் நிறத்தைத் திருப்புவது. அதற்கு நான்கே அசைவுகள்: வலப்பக்கம் கீழே, அடித்தளம் இடப்புறம், வலப்பக்கம் மேலே, அடித்தளம் வலப்புறம். இரண்டு அல்லது நான்கு முறை செய்தால் ஒரு மூலை திரும்பிவிடும். பிறகு மேல் தளத்தை மட்டும் நகர்த்தி அடுத்த மூலையைக் கொண்டுவர வேண்டும். இதற்குள் கீழ் அடுக்குகள் அலங்கோலமாகிவிடும். பெரும்பாலோர் கைவிடுவது இங்கேதான்.

"நிறுத்தாதீங்க தாத்தா, அதுவா சரியாகும்" என்றாள் பேத்தி. காரணம் கணக்கில் இருக்கிறது. அந்த நான்கு அசைவுகளை ஆறு முறை செய்தால் எல்லாம் பழைய நிலைக்கே வரும். எல்லா மூலைகளும் திரும்பி முடிக்கையில் மொத்த எண்ணிக்கை எப்போதும் ஆறின் மடங்கு. கடைசி மூலையோடு கீழ் அடுக்குகளும் ஒழுங்காகிவிடும்.

1974இல் இதை உருவாக்கிய புடாபெஸ்ட் ஆசிரியர் எர்னோ ரூபிக்கிற்கே தன் புதிரை விடுவிக்க ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. எனக்கு மூன்று மாதம். பெயர்கள் இன்னும் தடுமாறுகின்றன. இந்த நான்கு அசைவுகளை மட்டும் விரல்கள் மறக்கவில்லை.