வெயிலில் நிற்பது வணக்கமன்று



கத்திரி வெயில் காலத்தில்தான் நம் குடும்பங்களில் பயணங்கள் பெருகுகின்றன. பள்ளிக்கூட விடுமுறையும் நிக்காஹ் வைபவங்களும் மே மாதத்தில் ஒன்றுசேர்ந்து வருகின்றன. அத்தகைய ஒரு பயணத்தில் எங்களுக்கு நேர்ந்ததை மறைக்காமல் இங்கே எழுதுகிறோம். பிறருக்குப் பயன்படட்டும் என்பது ஒரு காரணம். இருபது ஆண்டுகளாக மதரஸாவில் சொல்லிக்கொடுத்துவரும் ஒரு பாடத்தை நாம் அன்றுதான் சரியாகப் படித்தோம் என்பது மற்றொரு காரணம்.

கீழக்கரையிலிருந்து அதிராம்பட்டினத்திற்கு ஒரு திருமணத்திற்காகப் புறப்பட்டோம். எங்கள் உம்மா, லாத்தா, மனைவி, பிள்ளைகள் என வேன் நிறைந்திருந்தது. குளிர்சாதன வசதி இல்லாத வாடகை வேன் அது. ஃபஜ்ர் தொழுததும் கிளம்பியிருக்கலாம். ஆனால் கோடைகால தீனியாத் வகுப்பை முடித்துவிட்டே புறப்படுவது என்று நாம் பிடிவாதமாக இருந்தோம். வண்டி நகரும்போது மணி ஒன்பதரை.

தேவிபட்டினத்தைக் கடக்கும்போதே புழுக்கம் தொடங்கிவிட்டது. சன்னலைத் திறந்தால் அனல், மூடினால் மூச்சுத் திணறல். தொண்டியை நெருங்கியபோது, “உம்மாவுக்கு முகம் வாடியிருக்கிறது, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்” என்றார் லாத்தா. நாமோ, “இன்னும் சிறிது நேரம்தான். அதிராம்பட்டினம் போய் லுஹரை ஜமாஅத்துடன் தொழுதுவிடலாம். பொறுமையாக இருங்கள், கஷ்டத்துக்கு நன்மை உண்டு” என்றோம். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை.

மீமிசலைத் தாண்டியதும் உம்மா வாந்தி எடுத்தார்கள். கைகால்கள் வியர்வையில் நனைந்து சில்லிட்டிருந்தன. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. “வாப்பா, ஊர் வந்துவிட்டதா?” என்று இரண்டு முறை கேட்டார்கள், பதில் சொன்னது மனத்தில் பதிந்ததாகத் தெரியவில்லை. வண்டியை நிறுத்திச் சாலையோரத்து வீடொன்றின் கதவைத் தட்டினோம். முன்பின் அறியாத அந்த வீட்டுப் பெண்மணி, ஒரு கேள்வியும் கேட்காமல் உம்மாவை உள்ளே அழைத்துச் சென்றார். ஆண்கள் வெளியே நின்றோம். உள்ளே புர்காவைக் களைந்து, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, மின்விசிறிக்கு நேராகப் படுக்க வைத்தார்கள். தெளிவு வந்த பிறகு உப்பிட்ட மோரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தார்கள். பிறகு அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டு சென்றோம். அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

செவிலியர் கேட்ட முதல் கேள்வி: “காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள்?” நாம் விழித்தோம். லாத்தாதான் தயங்கியபடி பதில் சொன்னார்: “ஒரு மிடறு, மாத்திரை விழுங்குவதற்காக. வழியில் எங்கே ஒதுங்குவது என்று பயந்து உம்மா குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை.” எம் மனைவி தலை குனிந்திருந்தார். அவரும் குடித்திருக்கவில்லை. அந்த மாத்திரையோ, இரத்த அழுத்தத்திற்காக நீரைப் பிரியச் செய்யும் மாத்திரை. முன் இருக்கையில் அமர்ந்து, நினைத்தபோதெல்லாம் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டு, பின்னிருக்கைக்குப் பொறுமையை உபதேசித்திருக்கிறோம்!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி நினைவில் வந்தது. நபி (ஸல்) அவர்கள் உரை நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பதைக் கண்டு விசாரித்தார்கள். அவர் அபூ இஸ்ராயீல் என்பவர். உட்காராமல், நிழலில் ஒதுங்காமல், பேசாமல் நோன்பு நோற்பதாக நேர்ந்துகொண்டவர். அவர் உட்காரவும் நிழலுக்குச் செல்லவும் பேசவும் வேண்டும் என்றும், நோன்பை மட்டும் நிறைவு செய்யட்டும் என்றும் நபியவர்கள் கட்டளையிட்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. நோன்பு இபாதத், அதை ஏற்றார்கள். வெயிலில் நிற்பது வெறும் வேதனை, அதை நிறுத்தினார்கள். கடும் வெப்பத்தில் லுஹரைச் சற்றுத் தணிந்த பின் தொழச் சொன்னதும் அதே மார்க்கம்தான். பயணத்தில் கஸ்ரும் ஜம்உம் இருக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாம், தொண்டியில் இறங்கி நிழலில் இளைப்பாறி, லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டிருக்கலாம். அல்லாஹ் கொடுத்த சலுகையை ஒதுக்கிவிட்டு, நம் அவசரத்திற்குப் பொறுமை என்று பெயர் சூட்டினோம்.

கடலோரப் புழுக்கத்தின் இயல்பையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. வியர்வை ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை காயாமல் வழிகிறது. நீரும் உப்பும் வெளியேறுகின்றன. சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. கடற்காற்று வீசத் தொடங்கினால் சற்று ஆறுதல் கிடைக்கும். மேலைக்காற்று விடாமல் அடிக்கும் நாள்களில் அதுவும் தாமதமாகிறது. வயதானவர்களுக்குத் தாகம் தெரிவதும் குறைவு. அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருப்பது நம் தவறு.

இப்போது எங்கள் பயண முறை மாறியிருக்கிறது. ஃபஜ்ர் தொழுததும் புறப்படுகிறோம். இல்லையேல் அஸருக்குப் பிறகு. உச்சி வெயிலில் வண்டியில் இருப்பதில்லை. எந்த ஊரில் நிறுத்துவது, அங்கே பெண்களுக்குக் கழிப்பறை உண்டா என்பதை முதல் நாளே தொலைபேசியில் விசாரித்துக்கொள்கிறோம். அந்த உறுதி கிடைத்தால்தான் பெண்கள் தண்ணீர் குடிக்கிறார்கள். உள்ளாடைகள் பருத்தியிலும், புர்கா காற்றுப் புகும் தளர்வான மெல்லிய துணியிலும் இருக்கின்றன. நிறுத்தும் இடங்களில் ஒளூ செய்துகொள்கிறோம். முகமும் கைகளும் பாதங்களும் நனைந்தாலே உடல் இளகுகிறது. ஈரத்துண்டு ஒன்று ஒவ்வொருவர் கழுத்திலும் இருக்கிறது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்து எடுத்துச் செல்கிறோம். நீரிழிவு, இருதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நிறுத்திவைத்த வண்டிக்குள் குழந்தைகளையோ முதியவர்களையோ ஐந்து நிமிடமும் விட்டுச் செல்வதில்லை. ஒருவருக்குப் பேச்சுக் குழறினால், நினைவு தடுமாறினால், உடல் அனலாய்க் கொதித்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108-ஐ அழைத்து, வண்டி வரும்வரை உடலை நனைத்து விசிற வேண்டும். நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இன்னுமொரு செய்தி. எங்கள் மஹல்லாப் பள்ளிவாசல் சாலையை ஒட்டியே இருக்கிறது. வழிப்பயணிகளான ஆண்கள் தாராளமாக உள்ளே வருவார்கள். உடன் வந்த பெண்கள் வண்டியிலேயே வெந்துகொண்டிருப்பார்கள். இத்தனை ஆண்டுகளாக அதைப் பார்த்திருக்கிறோம், கவனித்ததில்லை. ஊர் திரும்பியதும் ஜமாஅத்துப் பெரியவர்களிடம் உம்மாவின் நிலையைச் சொன்னோம். பின்புறம் பழைய பாய்கள் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து, தனி வாசலும் கழிப்பறையும் ஒளூ செய்யக் குழாயும் அமைத்துக் கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். வெளியே ஒரு மண்பானையும் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலும் அப்படியோர் அறை பூட்டிக் கிடக்கலாம், ஒருமுறை பாருங்கள்.

உம்மா நலமாக இருக்கிறார்கள். சென்ற மாதம் தொண்டி வரை ஒரு பயணம் போனோம். புறப்படும் முன்பே பாட்டிலை அவர்கள் கையில் கொடுத்தோம். “வழியில் இறங்க இடம் பார்த்துவிட்டாயா வாப்பா?” என்று கேட்டார்கள். “பார்த்துவிட்டோம் உம்மா” என்றோம். பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தார்கள்.

பயணத்தில் நம் பொறுப்பில் இருப்பவர்களின் தாகத்தை, அவர்கள் வாய் திறக்கும் முன்பே அறியும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.