இறக்கத்தில் தெரியும் கணுக்கால்

டிசம்பர் 6

சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் காப்பிப் பழம் பறிப்பு மும்முரம். 1820களில் சேலம் கலெக்டர் டேவிட் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி இன்றும் இந்தச் சரிவுகளில் ஆட்களை ஏற்றி இறக்குகிறது. சில்வர் ஓக் மரத்தடியில் ஈரச் சருகு, அதற்கடியில் உருளும் கல். ஏறும்போது வலது கணுக்காலின் முன்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. இறங்கும்போது மூட்டு முழுக்க வலி. அதனாலேயே சேர்வராயன் கோயில் பக்கம் போயே நாளாகிறது. காலையில் விறைப்பு, மாலையில் செருப்பு வார் பதிகிற அளவுக்கு வீக்கம்.

டிசம்பர் 9

மலைச்சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயை நின்றபடி எடுக்கச் சொன்னார். படுத்து எடுத்தால் மூட்டில் இடைவெளி இருப்பதுபோலத் தெரியலாமாம். எடை இறங்கும்போதுதான் குருத்தெலும்பு எவ்வளவு மிச்சம் என்பது வெளிப்படும். மூட்டு தேய்ந்து, முன்விளிம்பில் எலும்பு முள்ளாக வளர்ந்திருக்கிறது. ஏற்றத்தில் பாதம் மேல்நோக்கி மடங்கும்போது குத்துவது அதுதான்.

“எப்பவாவது கால் முறிஞ்சிருக்கா?” என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. கல்லூரி நாட்களில் பைக் சறுக்கியதையும், அப்பா என்னைக் கட்டு வைத்தியரிடம் அழைத்துப்போனதையும் சொன்னேன். மூங்கில் சிம்பு, முட்டை வெள்ளைக்கரு, துணி. எலும்பு சேர்ந்தது, கொஞ்சம் கோணலாக.

முழங்காலும் இடுப்பும் பெரும்பாலும் வயதோடு தேய்கின்றன. கணுக்கால் தேய்மானத்திலோ பத்தில் ஏழெட்டுப் பேருக்குப் பழைய முறிவோ திரும்பத் திரும்ப வந்த சுளுக்கோதான் காரணம். மற்றவர்களுக்கு முடக்குவாதம், கவுட், ஹீமோபிலியா போன்றவை. பாதத்தின் மேலுள்ள டேலஸ் எலும்பு வெளிப்பக்கமாக ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், மூட்டில் எலும்புகள் தொட்டுக்கொள்ளும் பரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று 1976-இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அதே எடையைச் சிறிய இடம் தாங்கினால் தேயாமல் என்ன செய்யும்? பத்திருபது வருடம் கழித்துத்தான் தெரியவரும் என்பதால், முறிவையும் வலியையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

டிசம்பர் 13

இப்போதைக்கு அறுவை வேண்டாம். கணுக்காலை அணைத்துப் பிடிக்கும் பிரேஸ், அடிப்பாகம் முன்னால் வளைந்து எழும் ஷூ, இடது கையில் தடி (வலிக்கிற காலுக்கு எதிர்க்கை), எடைக் குறைப்பு. வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். தோலுக்கு அருகிலேயே இருக்கும் மூட்டு என்பதால் முதலில் களிம்பு போதும் என்றார். கெண்டைச் சதையை நீட்டும் பயிற்சியும் உண்டு. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களோ சில மாதங்களோ கைகொடுக்கும். அவ்வளவே.

டிசம்பர் 21

உறவினர் ஒருவர் பி.ஆர்.பி. ஊசியைப் பரிந்துரைத்தார். நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட்டைப் பிரித்து மூட்டில் செலுத்துவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெதர்லாந்தில் கணுக்கால் தேய்மானம் உள்ள 100 பேரிடம் சோதித்து, 2021-இல் வெளியிட்ட முடிவில், 26 வாரத்துக்குப் பிறகு இதற்கும் வெறும் உப்புநீர் ஊசிக்கும் வித்தியாசம் இல்லை. என் பணம் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

ஜனவரி 5

வலி தூக்கத்தைக் கெடுத்தால் அறுவை பற்றி யோசிக்கலாமாம். ஒன்று, மூட்டை அசையாமல் ஒட்டிவிடுவது. வலி போகும், அசைவும் போகும். பல வருடம் கழித்துப் பக்கத்து மூட்டுகள் தேயலாம். புகைபிடிப்பவருக்கு ஒட்டுவதே சிரமம். மற்றொன்று, உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்துச் செயற்கை மூட்டு. பிரிட்டனில் 50 முதல் 85 வயதுக்குட்பட்ட 303 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஓராண்டில் இரு தரப்பும் நன்றாகத் தேறினார்கள். தெளிவான வெற்றி யாருக்கும் இல்லை. செயற்கை மூட்டில் காயம் ஆறுவதில் தொல்லை அதிகம், ஒட்டியவர்களுக்கு ரத்த உறைவு அதிகம். காப்பி மூட்டை சுமந்து மலை இறங்குகிறவருக்குச் செயற்கை மூட்டு சீக்கிரம் தேயும். என்னைக் கேட்டால், இந்தச் சரிவுகளில் வேலை செய்பவருக்கு ஒட்டுவதே பொருத்தம்.

ஜனவரி 12

பறிக்க வந்த அக்கா ஒருவருக்குக் கால் பிசகி, கணு வீங்கிவிட்டது. “சுளுக்குதான், நீவிவிட்டாச் சரியாயிடும்” என்று நாலைந்து குரல். நாலு அடி நடக்கச் சொன்னேன், முடியவில்லை. கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் துடித்தார். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். ஜீப்பில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், நீவுவதற்கு முன் அந்த எக்ஸ்ரேயை எடுத்துவிடுங்கள்.