நெஞ்செரிச்சலும் ஆசிரியரின் குரலும்

ஆசிரியப் பணி புரிவார்க்கு நூலறிவு ஒரு கண் எனின், குரல் மற்றொரு கண்ணாகும். யாம் வாழும் உடையார்பாளையம் குரலின் பெருமையை நன்கறிந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர் சமீன் அவையில் கனம் கிருஷ்ணையர் பாடிப் புகழ் பெற்றார். தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையரின் தந்தையார் அவரிடமே இசை பயின்றார். இத்தகைய ஊரில் இருந்துகொண்டு தமிழ் கற்பிக்கும் எமக்கு, ஒரு கல்வியாண்டின் தொடக்கத்தில் குரல் கம்மலாயிற்று. காலையில் தொண்டை கரகரக்கும். நண்பகலில் சற்றே தெளியும். இரவில் படுத்தவுடன் நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் எழும்.

குரலுக்கும் வயிற்றுக்கும் என்ன உறவு என வியந்த எமக்கு மருத்துவர் விளக்கம் தந்தார். உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் சுருக்குத் தசை ஒன்று வாயிற்காவலன் போல் உள்ளது. உணவு இறங்கும்போது திறந்து, பின்னர் மூடிக்கொள்வது அதன் கடமை. அது தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலேறும். இதனையே நம் முன்னோர் எதுக்களிப்பு என்றனர். இரைப்பைக்குத் தன் அமிலத்தைத் தாங்கும் உட்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அது இல்லை. தொண்டை வரை ஏறும் அமிலம் குரல்நாண்களையும் புண்படுத்தும். பல்லாண்டுகள் நீடித்தால் உணவுக்குழாயின் உட்படலமே மாறுதலுற்று, சிலருக்குப் புற்றுநோய்க்கும் வழிகோலலாம். ஆதலின் எண்டோஸ்கோப்பி எனும் அகநோக்குச் சோதனை செய்து பார்த்துவிடலாம் என்றார் மருத்துவர். காலையில் சென்று மாலைக்குள் இல்லம் திரும்பலாம் என்றும் கூறினார்.

குழாயை விழுங்க வேண்டுமே என்ற அச்சம் எம்மையும் விட்டுவைக்கவில்லை. 1868இல் செருமானிய மருத்துவர் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைக் கொண்டே நேரான உலோகக் குழாயைச் செலுத்திப் பார்த்தார். 1957இல் அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்பார், கண்ணாடி இழைகளாலான வளையும் கருவியை முதலில் தாமே விழுங்கிச் சோதித்தார். வித்தைக்காரரை நாடிய நிலை மாறி, எளியோரும் அஞ்சாது உட்படும் நிலை வந்திருப்பதை எண்ணியபோது எம் அச்சம் பாதியாயிற்று.

ஆயத்தம் எளிதே. முன்னிரவில் மென்மையான உணவு. அதன்பின் வெறும் வயிறு. நீரையும் எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவமனையார் குறித்துத் தந்தனர். நீரிழிவுக்கோ இரத்தம் உறையாமைக்கோ மருந்து உண்பவர் அதனை முன்னரே தெரிவித்தல் வேண்டும். தாமே நிறுத்தவும் கூடாது, தாமே தொடரவும் கூடாது. தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்து, இடப்பக்கமாகப் படுக்கச் செய்து, பற்களுக்கிடையே ஒரு வளையம் வைத்தனர். ஓரிரு முறை குமட்டல் எழுந்தது. மூச்சை நிதானமாக விடுமாறு செவிலியர் சொல்லிக்கொண்டேயிருக்க, சில நிமிடங்களில் யாவும் முடிந்தது. உணவுக்குழாயின் அடியில் புண் இருந்தது, அஞ்சத்தக்கது ஏதுமில்லை. அல்ஹம்துலில்லாஹ்!

மரப்பு நீங்கும்வரை நீர்கூட அருந்தலாகாது, புரையேறிவிடும். பின்னர்ச் சிறிது நீர், அதன்பின் ஆறிய கஞ்சி. தொண்டைவலி மறுநாள் அகன்றது. மயக்க ஊசி பெற்றோர் துணையுடன் திரும்ப வேண்டும். அன்று வண்டி ஓட்டலாகாது. இரத்த வாந்தி, கருநிற மலம், கடும் மார்புவலி, காய்ச்சல் தோன்றின் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

சோதனை சில நிமிடம். நலம்பெறுதலோ எட்டு வாரம். நாள்தோறும் உணவுக்கு அரைமணி முன்னர் மாத்திரை உண்டோம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களைச் செங்கல் வைத்து உயர்த்தினோம். இரவுணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே மூன்று மணிநேரம் விட்டோம். இடையில் ரமலான் வந்தது. நோயாளி நோன்பை வேறு நாட்களில் நோற்கத் திருமறை சலுகை அளித்திருப்பதால், மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தோம். அவர் இசைந்து, மாத்திரையை ஸஹருக்கு முன் மாற்றியமைத்தார். நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் போதுமாயின. வடையும் சமோசாவும் விலகின. ஸஹர் உணவை அளவோடு உண்டு, சுபுஹுத் தொழுகைக்குப் பின்னும் உடனே படுக்காதிருந்தோம். மெல்ல மெல்லக் குரல் தெளிந்தது.

வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்றனர் நபிகள் நாயகம் (ஸல்). முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்பவர்க்கு மருந்தே வேண்டாம் என்கிறது திருக்குறளின் மருந்து அதிகாரம். அன்றாடம் மேடையில் யாம் எடுத்துரைத்த இவ்விரு நெறிகளும் எம் தட்டுக்கு வந்து சேர்ந்தது அந்த எட்டு வாரங்களில்தான்.

நம் பெரியவர்கள் பலர் நெஞ்செரிச்சலை வாயுத் தொல்லை என்று சொல்லிச் சோடாவோடு அடக்கிவிடுகின்றனர். வாரந்தோறும் மீண்டும் வரும் எரிச்சலையும், உணவு விழுங்குகையில் தோன்றும் தடையையும், காரணமின்றி உடல் மெலிதலையும் மறைத்தல் ஆகாது. வியர்வையோடு இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் மார்புவலி இதயத்தின் அழைப்பாகவும் இருக்கலாம். அப்போது கணமும் தாழ்த்தலாகாது. மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்து மூத்தோர் தம் நோவைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். நீங்களே அருகமர்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். அவர்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டிய சொற்கள் இன்னும் பல உள.