உன் கையெழுத்து எங்கய்யா?

செராஸில் எங்கள் வீடு அடுக்குமாடியின் நான்காவது தளத்தில் இருந்தது. 1998, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. அண்ணன் இம்பி பிளாசாவில் பழைய கணினி ஒன்றை வாங்கி வந்தார். அன்று பார்த்து லிப்ட் ஓடவில்லை. அப்பாவும் அவரும் ஆளுக்கொரு பக்கம் திரையைப் பிடித்துக்கொண்டு படியேற, பத்து வயதுப் பையனான நான் விசைப்பலகையைத் தலையில் சுமந்து பின்னால் போனேன்.

அதில் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைப் போட்டார் அண்ணன். 'இசட்' எழுத்தைத் தட்டினேன். திரையில் 'ழ்' வந்து நின்றது. மறுபடி தட்டினேன். ஒரு வரி முழுக்க ழ்ழ்ழ்! கணினிக்குள் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரர்கள் செய்தது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். "இது நம்ம மலேசியாக்காரர் செஞ்சதுடா" என்றார் அண்ணன். கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1985இல் தொடங்கிய வேலை அது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் இருந்த பாட்டிக்குக் கடிதம் அடிக்க உட்கார்ந்தேன். அரைப் பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. வீட்டில் அச்சுப்பொறி கிடையாது. வட்டில் பதிந்து, கீழே நகலெடுக்கும் கடைக்கு ஓடினேன். அங்கே திறந்தால் தமிழே இல்லை! கொக்கியும் புள்ளியுமாக ஏதேதோ கிறுக்கல். கடிதம் செத்துப்போனது என்று அழுதுகொண்டே படியேறினேன்.

அண்ணன் ஒரு காகிதத்தை எடுத்து விளக்கினார். வட்டில் எழுத்துகள் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. எண்ணுக்கு உருவம் கொடுப்பது எழுத்துரு. அது கடைக்காரரிடம் இல்லை, அவ்வளவுதான். எல்லா மொழிக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) எங்கள் வீட்டுப் பக்கம் வராத காலம். ஆங்கிலத்துக்குப் போக மிச்சமிருந்த 128 இடங்களில் நம் 247 எழுத்தும் எப்படி அடங்கும்? அதனால் கொம்பு தனி, கால் தனி. 'கொ' என்றால் மூன்று துண்டு. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து நம் எழுத்தை இப்படிப் பிரித்து, திரும்பக் கோத்திருக்கிறார்! நான் நிரல் எழுதப் போனது அந்தக் காகிதத்தால்தான். இன்று பகலில் வங்கிகளுக்கான மென்பொருள் எழுதுகிறேன். அது சோறு போடுகிறது. ராத்திரியில் எழுத்துரு வரைகிறேன். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கையால் எழுதிய பழைய கடைப் பலகை கண்ணில் பட்டால் நின்று படமெடுத்துவிடுவேன். இப்போது வரைந்துகொண்டிருக்கும் எழுத்துருவில் 'ழ'வின் வால் மட்டும் பாட்டியுடையது. அவர் எழுதிய கடிதங்களிலிருந்து எடுத்தேன்.

அன்று எழுத்துருவையும் வட்டில் ஏற்றிக்கொண்டு மறுபடி கடைக்கு ஓடினேன். ஐம்பது காசு. தாள் சூடாகக் கைக்கு வந்தது. தபாலில் போட மனம் வரவில்லை, அடுத்த வாரம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய விரல். அதை வரி வரியாக ஓட்டி, வாய்விட்டுப் படித்தார் பாட்டி. கடைசி வரியில் விரல் நின்றது. தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரி. உன் கையெழுத்து எங்கய்யா?"

அலமாரியிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். அவர் மடியில் தாளை வைத்து, கீழே என் பெயரை எழுதினேன்.