மச்சானின் இடக் கை



மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்பீர்கள். பிழை செய்தவன் என்ற முறையிலேயே எழுதுகிறேன்.

என் லாத்தாவின் கணவருக்கு நீரிழிவால் சிறுநீரகங்கள் தளர்ந்துவந்தன. டயாலிசிஸ் தேவைப்படுமுன்பே கையில் பிஸ்டுலா அமைத்துக்கொள்ளுமாறு மருத்துவர் கூறினார். தமனியைச் சிரையோடு இணைத்துத் தைப்பதே பிஸ்டுலா. தமனியின் வேகத்தால் சிரை பருத்து, வாரம் மூன்று முறை தடித்த ஊசிகளைத் தாங்கும். 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட முறை இது. பக்குவப்பட 6 வாரங்கள் முதல் 3 மாதங்கள் வரை ஆகும்.

மச்சான் என்னிடம் யோசனை கேட்டார். “ரமளான் கழியட்டும், துஆச் செய்வோம்” என்றேன். ரமளான் கழிந்தது, ஹஜ்ஜுப் பெருநாளும் கழிந்தது. ஓரிரவு அவருக்கு மூச்சுத் திணறியது.

அவசரத்தில் இடக் காறையெலும்பின் கீழுள்ள சிரையில் குழாய் செருகி டயாலிசிஸ் செய்தார்கள். காய்ச்சலால் இருமுறை மாற்றப்பட்டு, மூன்று மாதங்கள் அங்கேயே குழாய் இருந்தது. கழுத்தின் வலப்புறச் சிரை இதயத்திற்கு நேர்வழி என்பதையும், காறையெலும்பின் கீழ்க் குழாய் வைத்தால் சிரை சுருங்கும் அபாயம் மிகுதி என்பதையும் பின்னரே அறிந்தேன்.

பிறகு இடக் கையில் பிஸ்டுலா அமைந்தது. இரண்டாம் மாதம் கை வீங்கியது. உளூச் செய்யச் சட்டைக் கையை மடக்க இயலவில்லை. வெள்ளி மோதிரத்தை அறுத்தெடுத்தோம். மார்பில் நீல நரம்புகள் புடைத்தன.

ஆஞ்சியோகிராமில் காரணம் தெரிந்தது. மூச்சுக்கு மூச்சு குழாய் உரசியதால் சிரையின் உட்சுவர் தழும்பேறிக் குறுகியிருந்தது. வழக்கமான இரத்தம் ஓடியவரை அக்குறை வெளிப்படவில்லை. பிஸ்டுலா தமனி இரத்தத்தைக் கொண்டுவந்து கொட்டியதும், வடிகால் தூர்ந்த வயலுக்கு மதகைத் திறந்துவிட்டது போலாயிற்று. பலூனால் விரித்தார்கள், வீக்கம் வடிந்தது. ஏழு மாதங்களில் மீண்டும் சுருங்க, மீண்டும் விரித்தார்கள். பிஸ்டுலாவை மூடிவிட்டால் வீக்கம் தீரும். ஊசிக்கு இடம் போய்விடும்.

லாத்தா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

உங்கள் இல்லத்தில் சிறுநீரக நோயாளி இருப்பின், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடையே ஊசியோ டிரிப்போ போட விடாதீர்கள், புறங்கையைக் காட்டுங்கள். பிஸ்டுலாவிற்கு மருத்துவர் குறித்த நாளைத் தள்ளிப்போடச் சொல்பவர் ஆலிமாயினும் கேளாதீர்கள்.

இஷாவிற்குப் பின் மச்சான் மணிக்கட்டைக் காதில் வைத்து இரத்த ஓட்டத்தின் இரைச்சலைக் கேட்பார். சில இரவுகளில் என்னிடமும் நீட்டுவார்.

“ஓடுதா மாப்பிள்ளே?”

“ஓடுது மச்சான், அல்ஹம்துலில்லாஹ்.”